பாஸ்டனுக்குப் போன ரேஷன் தூள்

தேங்காய் எண்ணெயில் குழைத்த அடுப்புக்கரியின் வாடை, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் முகத்தை விட்டுப் போகாது. ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாவில் அதைப் பூசிக்கொண்டுதான் நான் அமெரிக்கச் சுதந்திரத்துக்குப் போராடினேன்.

குன்னூரில் எங்கள் வரலாற்று டீச்சருக்குப் பாஸ்டன் தேநீர் விருந்தின் மேல் அப்படியொரு மோகம். பிரிட்டிஷ் அரசு வரி போட்ட தேயிலையை அமெரிக்கக் குடியேறிகள் கப்பலேறிக் கடலில் கொட்டிய கதை. ஆள் தெரியாமலிருக்க, அந்த மண்ணின் மோஹாக் பழங்குடிகளைப் போல வேடமிட்டுப் போனார்களாம். மேடைக்கு நிஜத் தேயிலையே வேண்டும் என்றார் டீச்சர். ஆபீஸர் வீட்டுப் பிள்ளைகள் கோட்டும் தொப்பியும், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் தேயிலைத் தூளும் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு.

"வரி கட்ட மாட்டோம்" என்று தொடங்கும் தலைவர் வசனத்தை முதலில் எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப்படி ஏறிய முதல் ஆள் நான். கொழுந்து பறிக்கும் அம்மா, எஸ்டேட்டில் மாதாமாதம் கொடுக்கும் "ரேஷன் தூள்" பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்தாள். கூடப் பறிக்கும் பெண்கள், "உம்புள்ள கலெக்டராட்டம் பேசப் போறாளாக்கும்!" என்று கேலி செய்ததற்கு, "பேசுவா, வந்து பாருங்கடி" என்றாளாம்.

கடைசி ஒத்திகையில் வசனம் எஸ்டேட் மேனேஜர் மகளுக்குப் போயிற்று. நான் மோஹாக் ஆனேன். அந்த வேடத்துக்குப் பேச்சு கிடையாது. "இவளுக்கு எதுக்கு மிஸ் கரி, அப்படியே நிக்கலாமே!" என்று தொப்பிக்காரி ஒருத்தி சொல்ல, டீச்சரும் சிரித்தார். கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் உதறிக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விழாவன்று லீவு போட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பெட்டிகளைக் கவிழ்க்க, பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் தூள் மிதந்தது. கைதட்டி முடித்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் எழவில்லை. அந்தப் பக்கம் வந்த டீச்சரிடம் கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், எம்புள்ள எப்பங்க பேசுவா?"

"அவளுக்கு ஆக்‌ஷன் மட்டும்தாம்மா. நல்லாக் கொட்டினா, பாத்தீங்கல்ல?"

"சரிங்க" என்றாள் அம்மா.

அந்த மாதம் முழுக்க வெந்நீரில் வெல்லம் கரைத்துக் குடித்தோம். "நம்ம டீயத்தான் அமெரிக்காக்காரனுக்குக் குடுத்துட்டோமே" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

நான் வரலாறே படித்தேன். இன்று கல்லூரியில் அதையே நடத்துகிறேன். யாருடைய வேடத்தைப் போட்டுக்கொண்டு கப்பலேறினார்களோ, அவர்களுடைய நிலத்தையே சுதந்திரம் வந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது எங்கள் நாடகத்தில் இல்லை. எஸ்டேட்டில் தேயிலை மரப்பெட்டிகள் போய்க் காகித மூட்டைகள் வந்துவிட்டன. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நான் பேசிக் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கு இருந்த ஆசையும் போய்விட்டது. போன மாதம் கல்லூரி விழாவில் சிறப்புரை என்னுடையது. வாம்மா என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

"நீ பேசிட்டு வா கண்ணு. நான் காலேஜு கேட்டுக்கு வெளிய நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றாள். ஒலிபெருக்கி அரங்குக்குள் மட்டும்தான் இருந்தது.