ஒரு கதைக்கு ஒரு மக்ரூன்

என் பதினைந்து வயது மகள், குண்டுவீச்சில் ஊரே அழியும் நாவலைப் படித்துக்கொண்டே மக்ரூனைக் கடித்தாள். முந்திரியும் சீனியும் மணத்தன.

தூத்துக்குடிப் பள்ளியில் நான் படித்தபோது என் வகுப்புக்கு இலங்கையிலிருந்து படகேறி வந்தவள் சுதா. ஒரு சண்டைக் கதை சொன்னால், அப்பாவின் பேக்கரியில் விற்காத உடைந்த மக்ரூன் ஒன்று கொடுப்பேன். ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்ததை அவள் சொல்லச் சொல்ல எங்களுக்குப் புல்லரிக்கும். போர் அவ்வளவு ருசி.

ஒருநாள், "நாங்க ஒளியிற பங்கர்க் குழிக்கு மேல குண்டு விழுந்தது. அண்ணா அதுக்குள்ளதான் இருந்தவர்," என்று நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் என்னளா ஆச்சு?" என்றேன்.

மக்ரூனை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் அதைத் தின்றேன்.

இப்போது மகளைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"இரும்மா, அந்தப் பையன் செத்துட்டானான்னு பாத்துட்டு வாரேன்," என்றாள், வாய் நிறைய மக்ரூனோடு.