இடது கையால் சாப்பிட்ட கதாநாயகன்

சரோஜா அக்காவின் மசாலாக் கடைத் திறப்பு விழா. பெரிய டிவியில் நான் செய்த விளம்பரம் ஓட ஆரம்பித்தது. கதாநாயகன் இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

தப்பு என்னுடையதுதான். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். கோலசிலாங்கூரில் கல்யாண வீடியோ எடிட் செய்தே காலம் ஓடியது. புக்கிட் பெலிம்பிங்கில் கடை போட்ட அக்கா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் சாப்பாட்டுக் காட்சியை வைத்து விளம்பரம் கேட்டார். முறையாக அனுமதியும் வாங்கிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கலர் ஏற்றும்போது, பெரிய மனிதர் முகத்தில் கேட்காமல் பவுடர் பூசுவதுபோல் கூசியது. குழம்பு சிவந்து, இலை பச்சையானதும் நானே பத்து தடவை போட்டுப் பார்த்து ரசித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மசாலா பாக்கெட்டுக்கு வலது பக்கம் இடம் தேவைப்பட்டது. ஷாட்டை ஃபிலிப் செய்தேன், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக. பாக்கெட்டில் எழுத்து சரியா என்று மூன்று முறை பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

சுங்கை செம்பிலாங் மீன்காரர் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "என்னக்கா, ஒங்க மசாலாவ சோத்துக்கையில தொட பயமா அவருக்கு?"

கூட்டம் சிரித்தது. திறந்த அன்றே கடை கேலியாகிவிட்டதே என்று எனக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, மன்னிச்சிடுங்க. நிறுத்திடுறேன்" என்று ரிமோட்டைத் தேடினேன்.

"சும்மா இருலா!" அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க ரப்பர் தோட்டத்துத் திடல்ல துணி கட்டிப் படம் போடுவாங்க. கணக்கெழுதுற கிராணி வீட்டு ஆளுங்க முன்னால நாற்காலியில. எங்களுக்குத் துணிக்குப் பின்னாலதான் எடம். அங்கேருந்து பாத்தா இடம் வலமா மாறி இவரு இப்படித்தான் சாப்பிடுவாரு. எங்கப்பா சாகுற வரைக்கும் இவர பீச்சாங்கைக்காரருன்னே நம்புனாரு. 'நல்ல மனுஷன், அது ஒண்ணுதான் கொற'ம்பாரு."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். மீன்காரர் இரண்டு பாக்கெட் வாங்கினார்.

மறுநாள் காட்சியைத் திருத்தி இணையத்தில் ஏற்றினேன். கடை டிவியில் மாற்ற அக்கா விடவில்லை. "ஊருக்கு அந்தக் கை. எனக்கு இந்தக் கைதான்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: ஃபிலிப் செய்தால் எழுத்துக்கு முன் கையைப் பாருங்கள், சேலை முந்தானையைப் பாருங்கள். பழைய படத்தில் நாம் கை வைக்கலாமா என்பது எனக்கு இன்னும் தெரியாது. வைக்கத்தான் வேண்டுமென்றால், அதை யார் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.