சந்தேகப்படுவதற்கு ஓர் ஆள்

நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு அவர் முகர்ந்து பார்த்த அந்தக் காலை நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அவர். நஷ்டத்தை நேரில் பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலை. ஒல்லியான மனிதர். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, ஷூவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, என் குடோன் சேற்றுக்குள் நின்றார்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஜோகுபாளையத்தில் ஒரு சந்துக்குள் பசை வாளியோடு தொடங்கியவன். இன்று பெங்களூரில் எந்த ஸ்வீட் கடைக்குப் போனாலும், உங்கள் கைக்கு வருகிற பெட்டி என்னுடையதாக இருக்கலாம். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. எவனையும் லேசில் நம்பாததால் வளர்ந்தேன். அட்டை விற்பவன் எடையில் அடிப்பான், லாரிக்காரன் டீசலில் அடிப்பான், இன்சூரன்ஸ்காரன் வாங்கும்போது சிரித்துவிட்டுக் கொடுக்கும்போது காணாமல் போவான். என் படிப்பு அவ்வளவுதான். அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் கொட்டிய மழையில், எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவே பொங்கிவிட்டது. ஊர் மழைத்தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து போகிற பெரிய கால்வாய் அது. குடோனில் கீழே இருந்த இரண்டு வரிசைப் பெட்டிகள் கூழாகிவிட்டன. இன்சூரன்ஸ் பணம் வராவிட்டால், கடனில் வாங்கிப் போட்ட கட்டிங் மிஷினை பேங்க்காரன் தூக்கிக்கொண்டு போவான். தொழிலே முடிந்தது என்று அர்த்தம். எப்படியும் கேட்டதில் பாதிதான் தருவார்கள் என்று எனக்குச் சந்தேகம். அதனால், மூடிப்போன ஒரு கடையின் பெயர் அச்சடித்து விற்காமல் கிடந்த பழைய பெட்டிகளையும் எடுத்து, டியூபால் தண்ணீர் பீய்ச்சி, மேல் வரிசையில் அடுக்கிவைத்தேன். என் மகள் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அவர் முகர்ந்தது அந்தப் பழைய பெட்டியைத்தான். பிறகு குனிந்து கீழ் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார். மறுபடியும் மேலே இருந்ததை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன மொதலாளி, உங்க ராஜகாலுவேல காவேரி எப்போலேருந்து ஓடுது?”

பெங்களூர்க் குழாயில் வருவது காவேரித் தண்ணீர், அதில் சாக்கடை நாற்றம் இருக்காது என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. பசை தடவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒரு பொய் அகப்பட்டாலும் மொத்தத்தையும் தள்ளிவிடலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கண் கட்டிங் மிஷின் பக்கம் போனது.

“நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். வர்றப்போ வெள்ளத்துல நனைஞ்சது மட்டும்தான் இங்க இருக்கணும்” என்றார்.

அந்தப் பெண்கள் பார்க்க, பழைய பெட்டிகளை நானே சுமந்து வெளியே போட்டேன். அவர் திரும்பி வந்து, மிச்சமிருந்த அடுக்கை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார்.

“இன்னும் நம்பலையா சார்?”

“நம்பறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

உண்மையில் நனைந்ததற்கு முழுசாக எழுதிக் கொடுத்தார். மிஷின் என்னிடமே நின்றது. இதற்குப் பின்னால் ஏதோ கேட்பார் என்று நான் காத்திருந்தேன். ஒரு மாதம், ஒரு வருடம். கேட்கவே இல்லை. ஒரு கிலோ மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை உங்கள் பசைக்காரப் பெண்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அவர் இறந்த செய்தி வந்த அன்றுதான் அது போனது.

இப்போது கணக்கு வழக்கெல்லாம் மகள் பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புது பாலிசியோடு வந்தாள். மழை இத்தனை அளவைத் தாண்டினால் பணம் தானாக அக்கவுண்டில் விழுமாம். ஆளும் வர வேண்டாம், கேள்வியும் வேண்டாம். “ஆப்பிரிக்கால ஆடு மாடு மேய்க்கறவங்களுக்குப் புல்லு காஞ்சா, சாட்டிலைட்ல பாத்தே பணம் போடறாங்கப்பா. ஒலகமே மாறிடுச்சு” என்றாள். கேள்வி கேட்காமல் பணம் தருகிறவன் என்ன பிழைப்புப் பிழைக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் படித்த பிள்ளை சொல்கிறதே என்று கையெழுத்துப் போட்டேன்.

போன வருடம் மறுபடி வெள்ளம் வந்தது. தீபாவளி ஆர்டர் முழுக்க நாசம். பணம் விழவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண் பேசினாள்.

“உங்க ஏரியா வெதர் ஸ்டேஷன்ல மழை அந்த லெவல் ரீச் ஆகல சார்.”

“மழை அளக்கற அந்த மிஷின் எங்கம்மா இருக்கு?”

“ஏரிக்கு அந்தப் பக்கம் சார்.”

“அங்க பெய்யல, இங்க பெஞ்சுது. பெங்களூர் மழை தெருவுக்குத் தெரு மாறும்னு தெரியாதா? யாரையாவது அனுப்பி என் குடோனைப் பாருங்க. ஆட்டோ காசு நான் தரேன்.”

“இந்த பாலிசில விசிட்டே கெடையாது சார். அதானே இதோட பெனிஃபிட்!”

போனை வைத்துவிட்டுச் சேற்றுக்குள்ளேயே நின்றேன். அன்று பொய்யை நனைத்து அடுக்கி வைத்திருந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க ஒருவர் ஷூவைக் கழற்றிக்கொண்டு வந்தார். இன்று அத்தனையும் நிஜம். முகர்ந்து பார்க்க ஆளில்லை. மகள் எடுத்த போட்டோக்கள் அவள் போனிலேயே கிடக்கின்றன. அந்த நஷ்டத்தை நாங்களே தாங்கினோம். நான் என்பதால் தாங்க முடிந்தது, வேறு யாராக இருந்தாலும் ஷட்டரை இழுத்திருப்பார்கள்.

இந்த வருடம் பழைய மாதிரிப் பாலிசிக்கே மாறிவிட்டேன். கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. மகளுக்கு வருத்தம்தான். போன வாரம் அதற்காகக் குடோனைப் பார்க்க ஓர் இளவட்ட சர்வேயர் வந்தார். சுவரோரமாக நடந்துபோய், ஓரிடத்தில் நின்று விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“போன வருஷம் தண்ணி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. சுவத்துல கோடே இல்லையே சார்?”

“பெயிண்ட் அடிச்சிட்டோம் தம்பி.”

“எப்போ?”

“பொங்கலுக்கு.”

“பில் இருக்கா?”

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்க அப்பா பொய் சொல்வாரா சார்?”

நான் ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அவ கெடக்கறா தம்பி. நீங்க கேளுங்க.”