வேகத்தடை போனும் நாற்பது பேரும்

இன்னும் வராத போனை விற்பதைப் போலக் கஷ்டமான பிழைப்பு செல்போன் கடையில் வேறு கிடையாது. கையில் சரக்கு இருக்காது, கண்ணாடிப் பெட்டியில் மாதிரி இருக்காது, விலையும் தெரியாது. யாரோ எங்கேயோ திருட்டுத்தனமாகப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்ட ஒரு படம் மட்டும் இருக்கும். அதைக் காட்டித்தான் நாம் ஆள் பிடிக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. எங்கள் முதலாளிக்கு இரண்டு கடைகள். பெரியது மஞ்சக்குப்பத்தில், அதைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய மச்சான் குமரவேல். சின்னது சிதம்பரம் தெற்கு வீதியில். அங்கே விற்பனைக்கு நான், ரிப்பேருக்கு ரபீக் பாய், அவ்வளவுதான். தினமும் ரயிலில் போய் ரயிலில் திரும்புவேன். அதை நான் என் கடை என்றுதான் சொல்வேன். முதலாளி எதிரில் நின்றாலும் அப்படித்தான் சொல்வேன்.

படம் வந்த காலை

அன்று காலையில் ரயிலில் வரும்போதே படம் வந்துவிட்டது. பெரிய கம்பெனி ஒன்று அடுத்து விடப்போகும் போனின் முதுகு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் குறுக்காக ஒரு தடித்த பட்டை. அதில் வரிசையாக மூன்று கேமரா. பட்டை உடம்பை விட்டு நன்றாக மேலே எழும்பி நின்றது. எனக்கே முதலில் பிடிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்று கடைக்காரியை யார் கேட்டார்கள்?

கடையைத் திறந்ததும் முதல் ஆளாக வந்தவர் கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா. பழைய போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தவரிடம் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து விழுந்த பெயர்தான் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் போனுக்கு நிலைத்துவிட்டது. “ரோட்டுல போட்டது பத்தாதுன்னு போன்லயும் வேகத்தடை போட்டுட்டானுங்களா?”

முதலாளி வைத்த கெடு

அதே வாரம் முதலாளி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சிதம்பரம் கடை அதன் செலவையே தாங்கவில்லை, மூடிவிடலாம் என்று மச்சான் சொல்கிறார் என்றார். கம்பெனிக்காரன் புதுப் போனை ஒவ்வொரு கடைக்கும் வாங்குவதாக முன்பதிவு செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறான். போனை ஊருக்குக் காட்டும் நாளன்று மாலை ஆறு மணிக்குள் நாற்பது பெயர் கொடுத்தால் கடை இருக்கும். இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு பூட்டு.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் இடம் உண்டாம், குமரவேலுக்குக் கீழே. ரபீக் பாய்க்கு இல்லையாம். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். இதைப் பாய் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். பாய்க்கு ஐம்பத்தைந்து வயது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பாய் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னார். “நாப்பது ஒண்ணும் ஜாஸ்தி இல்லம்மா. மொத ஒரு பேர எழுது, இன்ஷா அல்லா மத்தது வரும்.”

பண்ருட்டித் தம்பதி

முதல் நாலு நாளில் எழுதிய பெயர் இரண்டே இரண்டு. அதில் ஒன்று என் சித்தப்பா பையன். ஒன்றிரண்டு பேர் அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் எல்லாரும் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், வயிறு வலிக்கச் சிரித்தார்கள், பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள், பிறகு சார்ஜர் வயர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நான் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் மனைவியோடு வந்தார். கோயிலுக்கு வந்த இடத்தில் போன் பார்க்கலாம் என்று ஏறியிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அவர், “இது என்னாம்மா, கேஸ் அடுப்ப போட்டோ புடிச்சி அனுப்பிட்டாங்களா?” என்று கடை அதிரச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. படத்தை வாங்கி விரலால் பெரிதாக்கி, மூன்று கேமராவையும் ஒன்று இரண்டு என்று எண்ணிவிட்டு அவரைப் பார்த்தார். “நீங்க வாங்கிக் குடுத்த அடுப்புல மூணுல ஒண்ணுதான் எரியுது. இதுலயாச்சும் மூணும் வேலை செய்யுமான்னு கேளுங்க.”

ஒன்பது நூல்

படத்தைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை, கையில் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. படத்தோடு அளவுகளும் வெளியாகியிருந்தன. கீழ வீதிக்குப் பின்னால் கட்டில் செய்யும் ஆசாரியிடம் போய், முதுகில் அந்தப் பட்டையோடு மரத்தில் ஒரு போன் செய்யச் சொன்னேன். நீளம், அகலத்தை அவருக்குப் புரியட்டும் என்று இன்ச்சில் எழுதினேன்: ஆறரை, மூன்று. கனத்தை மட்டும் இருந்தபடியே மில்லிமீட்டரில், வெறும் 9 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்ச்சுக்குக் கீழே போனால் ஆசாரிமார் நூல் கணக்கில்தான் அளப்பார்கள், எட்டு நூல் ஓர் இன்ச் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் வந்தது பாருங்கள் ஒரு போன்! ஒன்பது நூல், அதாவது ஓர் இன்ச்சுக்கும் மேலே கனம். தேக்கு வேறு. பாலிஷ் வேறு. ஓடிப்போய்ச் சண்டை போட்டால், ஆசாரி துளி அசரவில்லை. “வெறும் ஒம்போதுன்னு எழுதுனா எங்களுக்கு நூலுதாம்மா. ஆறரை இன்ச்சுப் பலகைக்கு ஒம்போது நூலு சரியாத்தான இருக்கு!” என்றார். மூன்று நூலில் வேறொன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்.

அது வரும்வரை இந்தக் கட்டையைக் கவுண்டரில் கவிழ்த்து வைத்திருந்தேன். புவனகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், அவர் விடவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “இதாம்மா போனு. ஒருவாட்டி சார்ஜ் போட்டா அறுப்பு முடியிற வரைக்கும் நிக்கும்ல?”

ஈரக் கை

சரியான கனத்தில் செய்த இரண்டாவது கட்டை வந்த அன்று, முடசலோடையிலிருந்து கலியபெருமாள் அண்ணன் வந்தார். படகு வைத்திருப்பவர். ஒரே வருஷத்தில் இரண்டு போனைக் கடலுக்குக் கொடுத்தவர். வலையைத் தொட்ட கையோடு கரைக்குப் பேச எடுப்பார், அது வழுக்கிக்கொண்டு போய்விடும். வேகத்தடைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. சிரிக்கத்தான் வந்தார், எனக்குத் தெரியும்.

கட்டையை வாங்கியவர் நேராகத் தண்ணீர் கேன் பக்கம் போனார். இரண்டு கையையும் நனைத்துக்கொண்டார். கட்டையைத் திருப்பிப் பிடித்தார். பட்டைக்குக் கீழே அவருடைய ஆள்காட்டி விரல் தானாகப் போய் மாட்டிக்கொண்டது. குலுக்கினார். குனிந்தார், நிமிர்ந்தார், கையை வீசினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். கட்டை விழவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஒருத்தர் கண்ணிலும் படாத விஷயம் அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. “இத யாரு வேகத்தடைன்னு சொன்னது? இது புடி, தங்கச்சி. எம் பேர எழுது.”

எண்ணெய்க் கை

அன்று மத்தியானமே கவுண்டரில் ஒரு வாளித் தண்ணீரும் அந்தக் கட்டையும் வைத்துவிட்டேன். ஒரு துண்டும் மாட்டினேன். போன் கடையில் வாளி வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வந்தவர்களிடம் நான் படத்தைக் காட்டவே இல்லை. கையை நனையுங்கள், பிடியுங்கள், அவ்வளவுதான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனை எடுக்கும் பஸ் கண்டக்டர் எழுதினார். மீன் மார்க்கெட் அம்மா எழுதினார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த டீச்சர் எழுதினார். முதலில் பெயர் சூட்டிய கோர்ட் குமாஸ்தாவும் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினார்.

நாலு கடை தள்ளி இருக்கும் பரோட்டா மாஸ்டர் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாவும் எண்ணெயுமாக இருந்த கையோடு அப்படியே கட்டையைப் பிடித்து, பரோட்டா வீசுகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கட்டை அவர் கையிலேயே இருந்தது. “தண்ணியில எல்லாரும் புடிப்பான். எண்ணெயில நிக்குது பாரு, அதுதான் போனு. போடு மாஸ்டர் பேர.”

தட்டையான படம்

முப்பத்தெட்டு பெயர் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு நாள். அப்போதுதான் குமரவேல் ஒரு புதுப் படத்தைப் பரப்பினார். அதே போன்தான், முதுகு வழவழவென்று தட்டை. பட்டையும் கிடையாது, மேடும் கிடையாது. எல்லாரும் சிரித்ததால் கம்பெனியே மாற்றிவிட்டதாம். மஞ்சக்குப்பம் கடைக்குத் தட்டை முதுகுக்கான கவர்களையும் பெட்டி பெட்டியாக வரவழைத்துவிட்டாராம். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் போன் செய்து பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பெயரையும் அடிக்கும்போது எனக்கு உள்ளே அறுந்தது. கலியபெருமாள் அண்ணனும் கூப்பிட்டு, “நெசமா தங்கச்சி?” என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ரபீக் பாய் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். மேசையில் கழற்றிப் போட்டிருந்த பழைய கேமரா ஒன்றை எடுத்து, ஒரு போன் ஓட்டின் ஓரத்தில் நிறுத்தி வைத்தார். அது ஓட்டின் கனத்தை விட உயரமாக நின்றது. முப்பது வருஷமாக ரேடியோவிலிருந்து போன் வரைக்கும் எல்லாவற்றையும் திறந்து பார்த்தவர் அவர். படத்தை யார் போட்டார்கள் என்ற ஆராய்ச்சிக்கே அவர் போகவில்லை. “இவ்ளோ பெரிய கண்ணு மூணுக்கும் உள்ள எடம் வேணும்மா. மேடு இல்லன்னா அது எங்க போய் உக்காரும்? அண்ணன்கிட்ட தைரியமாச் சொல்லு, பாய் சொன்னாருன்னு.”

திருப்பிக் காட்டிய நிமிஷம்

கம்பெனி போனைக் காட்டிய அன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கடை டிவி முன்னால் நிற்க இடமில்லை. கலியபெருமாள் அண்ணன் கடலுக்குப் போகாமல் வந்திருந்தார். கண்டக்டர், மாஸ்டர், டீச்சர் எல்லாரும் இருந்தார்கள். மேடையில் நின்ற ஆள் போனின் முகத்தையே காட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினான். திருப்பித் தொலையேன்டா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகு திருப்பினான்.

பட்டை இருந்தது! இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், கட்டையில் இருந்ததைவிட ஒரு மயிரிழை உயரமாகவே இருந்தது. கடையில் எழும்பிய சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். நான் அழுதேன், வெட்கமெல்லாம் படவில்லை. பாய் என் தலையில் கையை வைத்தார். போன் அடிக்க ஆரம்பித்தது. பெயரை அடிக்கச் சொன்ன ஒன்பது பேரும் திரும்ப வந்தார்கள், கூடவே மச்சினனையும் மாமனையும் கூட்டிக்கொண்டு. ஆறு மணிக்குப் பட்டியலை அனுப்பும்போது அறுபத்தொரு பெயர். ஆறு அடித்து இரண்டு நிமிஷத்தில் குமரவேல் கூப்பிட்டார். “ஏம்மா, அந்த மேட்டுக்குப் பொருந்துற கவரு உங்ககிட்ட கொஞ்சம் இருக்குமா?”

முதலாளிக்கும் வரிசைதான்

போன் விற்பனைக்கு வந்த அன்று காலை, நல்ல நேரம் பார்த்துக்கொண்டு வாசலில் வரிசை நின்றது. வந்த பெட்டி அறுபத்தொன்றும் பெயர் உள்ளவர்களுக்கே சரியாகப் போய்விட்டது. முதல் பெட்டியைக் கலியபெருமாள் அண்ணன் பிரித்தார். பிரித்த கையோடு வாளியில் கையை நனைத்துக்கொண்டுதான் போனையே தொட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் வடிந்த பிறகு முதலாளி வந்தார். இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார். கடையை மூடுகிற பேச்சு இனி இல்லை, பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம், ரபீக் பாய்க்குத் தனி மேசை போடலாம் என்றார். பாய் தலையைத் தூக்காமல் சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு முதலாளி மெதுவாகத் தனக்கும் ஒரு போன் வேண்டும் என்றார். நான் நோட்டை விரித்து, அறுபத்திரண்டாவது என்று எண் போட்டு, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த லோடு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்தார். “ஒன் கடையில நீ சொல்றதுதாம்மா.”

இப்போது யோசித்துப் பார்த்தால், படத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனவர்கள் ஒருவரும் இன்றுவரை கடைப் பக்கம் தலைகாட்டவில்லை, காறித் துப்பியவர்கள்தான் இரண்டாவது கவர் வாங்க வந்துகொண்டிருக்கிறார்கள்.