படத்துக்குள் நின்றவர்

நான் ஐந்தாவது வரை படித்தவன். இராஜபாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பல வருசம் வேலை பார்த்தேன். படம் கழுவுவேன், வெட்டுவேன், அட்டையில் ஒட்டுவேன். கல்யாணங்களுக்கு ஸ்டாண்டு தூக்கிக்கொண்டு போவேன். கடை மூடிய பிறகு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான்.

ஸ்டுடியோக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவர் இறந்து வெகுநாள் ஆகிறது. அவர் மனைவி எனக்கு மதினி. போன மாதம் மதினிக்குச் சென்னையில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுத்து பொடியாக இருக்கிறது, படித்துச் சொல்ல ஆளில்லை என்று எனக்குப் போன் போட்டார்.

விசயம் இதுதான். கடையை மூடும்போது பழைய படங்களை எல்லாம் மதினி காப்பகத்துக்குக் கொடுத்திருந்தார். அதில் ஒரு படத்தை, கண்மாய்களைப் பற்றி வரப்போகும் புத்தகத்தில் போடக் கேட்கிறார்களாம். காப்பகம் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறதே தவிர, அதன் உரிமை காப்பகத்துக்கு இல்லையாம். உரிமைக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் படம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள காப்பகத்தின் கிளை அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

டவுன் பஸ்ஸில் போனோம்.

"என்ன படம் தம்பி?" என்று கேட்டார் மதினி.

"கூமாப்பட்டிப் பக்கம் கண்மாய் உடைஞ்சுதுல்லா, அது."

"ஒங்க அண்ணாச்சி பேரு புத்தகத்துல வரும்லா? கடை போச்சு. போர்டைக்கூடப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. ஒரு இடத்துலயாவது பேரு இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தப் படத்தை எடுத்தது நான்.

கண்மாய் உடைந்த அன்றைக்கு அண்ணாச்சி படம் எடுக்கத்தான் போனார். உடைப்பைப் பார்த்ததும் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு மண்மூட்டை தூக்க இறங்கிவிட்டார். உடைப்பை அடைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அண்ணாச்சி கேமரா பக்கம் வந்தார். அவர்கள் விடவில்லை.

"மூட்டை தூக்குன ஆளு வெளிய நிக்கவா? உள்ள வாரும்வே" என்று இழுத்துக்கொண்டார்கள்.

"ஏலே, நீ அமுக்கு" என்றார் அண்ணாச்சி. அமுக்கினேன். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். அதுவரை ஸ்டாண்டு தூக்கியதோடு சரி, ஒரு படம்கூட எடுத்ததில்லை.

கடைக்கு வந்து படத்தைக் கழுவி, பின்பக்கம் கடை முத்திரை குத்தினேன். யார் எடுத்தாலும் அந்த முத்திரைதான். எடுத்தவர் என்றால் அண்ணாச்சி. வழக்கம் அது. எனக்கு அதில் குறை இல்லை. மதினியும் காப்பகத்துக்குப் பட்டியல் எழுதும்போது, கட்டுக் கட்டாகக் கவிழ்த்துப் போட்டு முத்திரையை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அண்ணாச்சி பெயர்.

பஸ்ஸில் இதை நான் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லப் போவதில்லை என்றுதான் இருந்தேன்.

அலுவலகத்தில் ஓர் அம்மா இருந்தார். படத்தைப் பெரிதாகப் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தாள். 'இந்தப் படத்தை எடுத்தவர் என் கணவர்' என்று அதில் டைப் அடித்திருந்தது. மதினி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பேனாவைத் திறக்கவில்லை. ஒரு முகத்தில் விரலை வைத்தார்.

"இது அவியள்லா."

இடமிருந்து மூன்றாவது ஆள், அண்ணாச்சி. முழங்கால் வரை சேறு. சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"கையெழுத்துப் போடுங்க மதினி" என்றேன்.

"எப்பிடிப் போட? படத்துக்குள்ள நிக்கிற மனுசன் வெளிய நின்னு எப்படி எடுப்பாரு?"

"தானா எடுக்குற பட்டன் இருக்கும் மதினி."

"அந்தப் பட்டன் ரிப்பேரு, ரிப்பேருன்னு அவியகிட்ட தெனமும் பொலம்புனது யாரு? நீதான?"

நான் குனிந்து படத்தைப் பார்த்தேன்.

"நீதான எடுத்த?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பஸ்ஸுல வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அலுவலக அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மதினி சிரிக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா எழுதிக் குடுத்தது நான்தாம்மா. முத்திரையப் பாத்து எழுதிட்டேன். இப்ப அவிய பேர அழிச்சிருவியளா?"

குரல் இறங்கிப்போயிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கக் கூடாது, முன்னாலேயே சொல்லி அவரைத் தயார் செய்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அலுவலக அம்மா என்னைக் கேட்டார்: "நீங்க அவர்கிட்டச் சம்பளத்துக்கு இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ உரிமை கடைக்காரருக்குத்தான். அவர் இல்லாததால வாரிசுக்கு. நீங்க கையெழுத்துப் போடலாம் பாட்டி. ஆனா எடுத்தவர் பேருன்னு இவர் பேரைத்தான் போடணும். அதுக்கு இவரும் ஒரு கையெழுத்துப் போடணும். உங்க வீட்டுக்காரர் பேரு, உரிமைன்னு ஒரு இடத்துல வரும். நிக்கிறவங்க பேரைப் போடுற இடத்துல இன்னொரு தடவை போடச் சொல்லி எழுதுறேன்."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

"உசுரோட இருக்கையில ஒருக்காகூட வரலையே" என்றார் மதினி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சேறு தெரியுறாப்புல போடச் சொல்லுங்கம்மா. வெட்டிரப் போறாவ."

அந்த அம்மா பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு அடித்துக் கொண்டுவந்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இனிஷியல் கேட்டார். அதையும் சொன்னேன். தாளை என் பக்கம் திருப்பி, சரியா என்று பார்க்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரியாக இருந்தது.

மதினி முதலில் போட்டார். அடுத்து நான் போட்டேன்.