புளி படாத இடம்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பெரியவள் கேட்டாள், இத்தனை வருஷமாய்த் துப்பாக்கிக் கடையில் வேலை செய்கிறாயே, ஒரு தடவையாவது சுட்டிருக்கிறாயா என்று. இல்லை என்றேன். அப்புறம் அங்கே என்னதான் பண்றே என்று சின்னவன் சிரித்தான். அதற்குப் பதில்தான் இது. நான் பத்தாவதோடு நின்றவன். எழுதிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. என் மேஜை ஜன்னலை ஒட்டி. மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உள்ளே வரும். அப்போது துப்பாக்கிக் கட்டைக்குத் தேய்க்கிற ஆளி விதை எண்ணெயின் வாசனை எழும்பி, தெருவில் போகிற பஸ் சத்தம்கூட ரொம்ப தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு நேரத்தில்தான் ஒரு அம்மா வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருப்பவர், ரிட்டையரான கணக்கு டீச்சர். பழைய வேஷ்டியில் சுற்றிய நீள மூட்டையை ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, வீணை ரிப்பேரா? ஒரு பள்ளத்துல வண்டிய இறக்கவுடல இந்தம்மா."

நான் வேஷ்டியைப் பிரித்ததும் ஆட்டோக்காரர் இரண்டடி பின்னால் போய், அப்படியே கிளம்பிவிட்டார்.

பித்தளை உடம்போடு ஒரு ரைஃபிள். விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற வளையம் ஒன்று. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். லீவர் ரைஃபிள் என்போம். இதில் வளையம் அசையவே இல்லை. ஆனால் பித்தளை மட்டும் கார்த்திகைக்குத் தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

அவருடைய அப்பா மலையில் ஒரு டீ எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். வெள்ளைக்கார முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது லைசென்ஸை அப்பா பெயருக்கு மாற்றி இதை அவர் கையில் கொடுத்துவிட்டாராம். "எங்காத்துல முட்டைகூட வராது. இதை வெச்சுண்டு அப்பா ஒரு கொசுவைக்கூட அடிச்சதில்லை" என்றார் அந்த அம்மா. அப்பா போனபின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றப் போயிருக்கிறார். ஸ்டேஷனில் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தில் நம்பர் இருக்கிறது, துப்பாக்கியில் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்படைத்துவிட வேண்டும்.

"ஒப்படைச்சா துண்டு துண்டா வெட்டிடுவாளாமே?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நம்பர் இருக்க வேண்டிய இடம் விசைக்குப் பின்னால். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இதையும் கொலுப்படிக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார்களாம். அதற்கு முந்தின நாள் விளக்கு, சொம்போடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பது இவருடைய வேலை. எட்டு வயதிலிருந்து.

"அந்த இடத்துல என்னமோ அழுக்கு மாதிரி கோடு கோடா இருக்கும். அதை நன்னா அழுத்தித் தேய்ப்பேன். போயிடுத்துன்னு அப்பாகிட்ட ஓடிப்போய்க் காமிச்சேன். அவரும் பேஷ்னு சொன்னார்." வழவழப்பான இடத்தை விரலால் தடவினார். "கணக்கு டீச்சர். நம்பரை நானே அழிச்சிருக்கேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். புத்தகத்தில்தான் நம்பர் இருக்கிறதே, அதையே நீங்கள் அடித்துவிடக் கூடாதா என்றார். நம்பர் அடிக்கிற அச்சுகள் என் கைக்கு எட்டும் இழுப்பறையில்தான் இருந்தன. ஐந்து நிமிஷ வேலை.

"நான் அடிச்சா அது நான் போட்ட நம்பர்மா. துப்பாக்கியோடது இல்ல."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டு, ரசீது எழுதிக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கி வைத்தேன்.

எங்கள் கடை முதலாளி வந்து பார்த்தார். "பித்தளையில துப்பாக்கியா? அடுத்து எவர்சில்வர்ல ஒண்ணு வரும் பாருங்க" என்றவர், கிண்டல் முடிந்ததும் தன் பழைய படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். எட்டுப் பட்டைக் குழல், பித்தளை உடம்பு, பக்கவாட்டில் தோட்டா போடுகிற சின்னக் கதவு என்று ஒவ்வொன்றாய் ஒத்துப் பார்த்து, எது என்று கண்டுபிடித்தோம். வயது நூறுக்கு மேல். அதற்கான தோட்டாவே இப்போது யாரும் செய்வதில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. முதலாளி படித்துச் சொன்னார். இந்த வகையில் சிலவற்றுக்கு மட்டும், தோளில் பதியும் கட்டை முனைத் தகட்டின் உள்பக்கமும் நம்பர் அடித்திருப்பார்களாம். எல்லாவற்றுக்கும் இல்லை. அதனால் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

தகட்டை இரண்டு திருகாணிகள் பிடித்திருந்தன. அவற்றின் பிளவில் பழைய புளியும் களிம்பும் சேர்ந்து கல்லாய் இறுகியிருந்தது. அவசரப்பட்டால் திருகாணி உடையும், கட்டை பிளக்கும். தினமும் ஊசியால் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருப்பேன். காத்திருக்கிற நேரத்தில் கட்டைக்கு எண்ணெய் தேய்த்தேன். கறுத்துக் கிடந்த மரத்தில் ரேகைகள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன, தண்ணீருக்கடியில் ஓடைகள் தெரிகிற மாதிரி. நான் காட்டையே பார்த்ததில்லை. வேளச்சேரியிலிருந்து கடை, கடையிலிருந்து வேளச்சேரி, அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சாயங்கால வெயிலில் ஈரமான இலை வாசனை வந்தது. ஒரு மலைச்சரிவு, அதில் பனி, இந்தத் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிற ஒரு கணக்கப்பிள்ளை. அவரை நேரில் பார்த்த மாதிரியே இருந்தது. நாலாம் நாள், எண்ணெய் விட்டு வைத்திருந்த லீவரும் இளகி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்போல மெல்ல இறங்கியது.

ஆறாம் நாள் அந்த அம்மாவே வந்துவிட்டார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். முதல் திருகாணி அதற்குள் கழன்று வந்திருந்தது. இரண்டாவதை அவர் எதிரிலேயே திருப்பினேன். ஒரு கீச்சு. தகடு கையோடு வந்தது.

உள்பக்கம் தேய்க்காத பித்தளை, வெல்லத்தின் நிறம். அதில் ஐந்து எண்கள். தகட்டை அவரிடம் கொடுத்துவிட்டு லைசென்ஸ் புத்தகத்தை எடுத்தேன். அவர் வகுப்பில் விடை வாசிப்பது போல் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், நான் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே போனேன். ஐந்தும் சரியாக இருந்தன.

அவர் தகட்டைக் கவிழ்த்து வெளிப்பக்கத்தின் மினுமினுப்பைப் பார்த்தார். மறுபடி உள்பக்கம் பார்த்தார்.

"இங்க என் கை எட்டலை" என்றார்.

முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தோடும் துப்பாக்கியோடும் மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனாராம். அங்கே ரைட்டர் இரண்டு தடவை ஒத்துப் பார்த்து, சரி என்று எழுதிக்கொண்டாராம். போனில் சொன்னவர், இந்த வருஷம் புளி கிடையாது, ஒரு பொட்டுக் குங்குமம் மட்டும், அதுவும் கட்டையில் வைக்கலாமா, மரத்துக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். ஆகாது என்றேன்.

அன்றைக்கு எனக்கு அரை நாள் லீவு. நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குத் தேய்ப்பதற்காகத் தொட்டி ஓரத்தில் பாத்திரங்களை எடுத்து வைத்திருந்தாள். அதில் உங்கள் பாட்டி கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் சொம்பும் இருந்தது. கழுத்தோரம் வெட்டிய பெயரில் மூன்று எழுத்துதான் மிச்சம். அதை மட்டும் தனியே எடுத்து வெறும் தண்ணீரில் அலசினேன். பெயர் மேல் அழுத்தாமல் துண்டால் ஒற்றி, அலமாரியில் மேல் தட்டில் வைத்தேன்.