மெத்தைக்காரரின் ஷாக் அப்சார்பர்

மருந்துக் கடை வாசலில் நிற்கும் யாருடைய காரின் மூக்கிலோ உள்ளங்கைகள் இரண்டையும் ஊன்றி, ஓர் அமுக்கு அமுக்குகிறார். வண்டி குனிந்து எழுகிறது. எழுந்ததும் அடங்கிவிட்டால் "ஷாக் நல்லாருக்கு" என்று தலையசைப்பார். அதற்கப்புறமும் ஆடிக்கொண்டிருந்தால் "பாவம்" என்பார். காருக்குச் சொந்தக்காரர் மாத்திரையும் கையுமாக வெளியே வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாலும் பதறமாட்டார். "ஒண்ணுமில்ல சார். உங்க வண்டிக்கு உடம்பு எப்படியிருக்குன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த காரை நோக்கி நடப்பார். கைப்பழக்கம்தான். ஆள் மெத்தை விற்பவர்.

கடையில் யாராவது மெத்தையை விரலால் குத்திப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "விரல்ல என்னங்க தெரியும்? செருப்பக் கழட்டிட்டுப் படுங்க. யாரு படுக்கப் போறாங்களோ அவங்கதான் படுத்துப் பாக்கணும்" என்பார். அம்மாவுக்கு மெத்தை வாங்க வந்த மகனை, "அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்று வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார். அதே வாய்தான், விற்காமல் மூலையில் தேங்கிக் கிடக்கும் கெட்டி மெத்தைகளைக் காட்டும்போது, "கெட்டியா இருந்தாத்தான் இடுப்புக்கு நல்லது" என்றும் சொல்லும். முதலாவது அனுபவம், இரண்டாவது வியாபாரம். இரண்டும் ஒரே குரலில் வருவதால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சொல்லிச் சொல்லி, விற்கிறவருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அவருடைய வீட்டம்மா தையல்காரர். நாளெல்லாம் மிஷின் முன்னால் குனிந்திருப்பதால் இடுப்பில் நிரந்தரமாக ஒரு வலி குடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் மிஷினுக்கு ஓய்வு. அன்றைக்கு இருவரும் காரில் பக்கத்து ஊரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போவார்கள். போகும் வழியெல்லாம் வீட்டம்மாவின் மடியில் ஏதாவது ஒரு துணி இருக்கும். பொத்தான் தைத்துக்கொண்டோ ஓரம் மடித்துக்கொண்டோ பேசிக்கொண்டே வருவார். வாரம் முழுவதும் கடையும் தையலுமாக ஓடும் வீட்டில், இவர்கள் இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்வது அந்தப் பயணத்தில்தான். மெத்தைக்காரருக்கு அது அத்தனை பிடிக்கும்.

கார் பழசு. ஷாக் அப்சார்பர் நான்கும் செத்துப்போய், ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடுத்த பள்ளம் வரும்வரை வண்டி ஆடியது. ஒரு நாள் ஊசி விரலில் ஏறிவிட்டது. வீட்டம்மா ஊசியையும் துணியையும் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவருடைய கை ஜன்னலுக்கு மேலேயிருக்கும் பிடியை விடவே இல்லை. பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் எவ்வளவு பேசிவிட முடியும்?

உடனே மாற்றிவிடுவது என்று மெத்தைக்காரர் முடிவு செய்தார். மதியத்தில் கடை காலியாக இருக்கும்போது, கால் இரண்டையும் வெளியே தொங்கப்போட்டு ஒரு மெத்தையில் மல்லாந்து, கைப்பேசியில் படிக்க ஆரம்பித்தார். பேர் தெரியாத கம்பெனியின் மலிவு ஷாக் ஒன்று. வண்டி வாங்கும்போது இருந்த மாதிரியே சாதாரண ஷாக் ஒன்று. இரண்டுக்கும் மேலே ராஜா மாதிரி காயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது. வண்டியை இறக்கலாம், ஏற்றலாம், ஒரு திருகைத் திருப்பிக் கெட்டியாக்கலாம், இளக்கலாம். வேகமாக ஓட்டும் பையன்கள் போட்டுக்கொள்வது. "கெட்டியாக்கலாம்" என்ற சொல்லில் அவர் கண் நின்றது. கெட்டியாக இருந்தால்தானே இடுப்புக்கு நல்லது?

புதிது வாங்க வழியில்லை. யாரோ கழற்றி வைத்த செட் ஒன்று கையைக் கடிக்காத விலைக்குக் கிடைத்தது. "உங்க வண்டிக்கா?" என்று மெக்கானிக் கேட்டார். மெத்தைக்காரர் ஆமாம் என்றதும், "நானும் இதுவரைக்கும் போட்டதில்ல. போட்டுத்தான் பாப்போம்" என்றார். மாட்டி முடித்ததும் வண்டி தரையை முகர்ந்துகொண்டு நின்றது. திருகைக் கெட்டிப் பக்கம் முழுக்கத் திருப்பினார் நம்மவர். மூலையை அமுக்கிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியபோது இருவருக்கும் பல்லோடு பல் மோதியது. சாலையில் கிடந்த சிறு கல்லின் முகவரிகூட இடுப்புக்குத் தெரிந்தது. "எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அடுத்த வேகத்தடைக்கு முன்னால் வீட்டம்மா இறங்கி, நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய் நின்று ஏறிக்கொண்டார். அதற்கடுத்ததற்கும் அப்படியே. டீக்கடையில் நின்றவர்கள் தம்ளரை வாயில் வைக்காமல் பார்த்தார்கள். திருகை இளக்கிப் பார்த்தும் பயனில்லை. ஏதோ மாறியது போல அவருக்கு மட்டும் தோன்றியது.

சில வாரம் இப்படி இறங்கி ஏறிய பிறகு வீட்டம்மா பஸ்ஸில் போவது என்று முடிவெடுத்தார். கோபமெல்லாம் இல்லை. "நீங்க வண்டில வாங்க. நான் முன்னாடி போய்ட்டிருக்கேன்" என்றார், அவ்வளவுதான். மெத்தைக்காரர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினார். முந்திப் போகவும் மனசு வரவில்லை. பஸ்ஸின் பின் கண்ணாடியில் தெரிந்த தலையைப் பார்த்துக்கொண்டே, புகையைக் குடித்துக்கொண்டே போனார். பக்கத்து இருக்கை காலியாகக் குதித்துக்கொண்டு வந்தது. அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் ஒரு பள்ளம் வந்து சிரிப்பாக்கிவிட்டது.

"எத்தன பேருகிட்ட சொல்லி வித்த பொய்யி. கடைசில நானே காசு குடுத்து வாங்கிட்டேன்" என்று இப்போது அவரே எல்லோரிடமும் சொல்கிறார். சொல்லும்போது வயிறு குலுங்கும். "ஊர்ல உள்ள ஷாக்கெல்லாம் அமுக்கிப் பாத்தேன். உக்காரப் போறவளக் கேக்கல பாருங்க."

பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே கடை விதியை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மெக்கானிக்கிடம் அதே மாதிரி கார் ஒன்று, புதிதாகச் சாதாரண ஷாக் போட்டுச் சோதனை ஓட்டத்துக்கு நின்றது. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வீட்டம்மாவை அதில் உட்காரவைத்து மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டினார். மெத்தைக்காரர் பின் இருக்கையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கடையில் படுத்துப் பார்க்கிறவர்களைப் போல வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

"இது போதும்" என்றார்.

"இது சாதாரணமானது" என்றார் கணவர், குரலில் கொஞ்சம் ஏக்கத்தோடு.

"நான் மட்டும் என்ன, ரேஸுக்கா போறேன்?"

காயில்ஓவர் வந்த வழியே, வேறொரு பையனுக்குப் போயிற்று. விற்கும்போது "இடுப்புக்கு நல்லது" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டதாகச் சொல்கிறார். நம்பத்தான் வேண்டும். மூலையில் கிடந்த கெட்டி மெத்தைகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

புது ஷாக் போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் பழக்கதோஷத்தில் வண்டியை நிறுத்தினார். வீட்டம்மா இறங்கட்டும் என்று காத்திருந்தார். கதவு திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். மடியில் பேத்தியின் கவுன் விரிந்திருந்தது. வீட்டம்மா நூல் முனையை உதட்டில் ஈரமாக்கிக்கொண்டு, "போங்க" என்று முணுமுணுத்தார். வண்டி மெல்ல மேட்டில் ஏறியது. ஏறி இறங்கும்போதே, ஒரு கண்ணைச் சுருக்கி, ஊசியில் நூலைக் கோத்தார்.